குளிர்கால ஹுவாங்ஷான்: வழியில் சந்தித்தவர்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து குழுவாகப் போனோம். ஷாங்காய், ஹாங்சோ, அன்ஹுய் மாநிலத்துக் கிராமங்கள், கடைசியாக ஹுவாங்ஷான் மலை. 2024 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா வேண்டியதில்லை என்பதால், எங்கள் குழுவில் முதல்முறை சீனா போகிறவர்களே அதிகம். தமிழர்கள் பாதி, சிங்கப்பூர்ச் சீனர்கள் பாதி.

குளிரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஹார்பின் மாதிரி வடக்கு ஊர்களை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் ஒட்டி ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே இருக்கும் நகரங்களுக்கு மட்டும் குழாய் வழியாக வீட்டு வெப்பம் கொடுப்பது என்று 1950களிலேயே முடிவாகிவிட்டது. நாங்கள் போன ஊர்கள் எல்லாமே கோட்டுக்குத் தெற்கே. ஓட்டல் அறையில் சூடு தரும் ஏசி இருக்கும். கிராமத்து வீட்டுக்குள் நுழைந்தால் வெளியே இருக்கும் அதே குளிர்தான். வீட்டுக்காரர்களே மேல்கோட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஷாங்காயைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஆற்றங்கரை, விளக்குகள், கூட்டம், அவ்வளவுதான். ஹாங்சோவில் லிங்யின் என்ற புத்தர் கோயிலுக்கு எதிரே இருக்கும் ஃபெய்லாய், அதாவது ‘பறந்து வந்த’ குன்று எனக்குப் பிடித்தது. நான்காம் நூற்றாண்டில் அந்தக் கோயிலை நிறுவிய ஹுய்லி என்ற துறவி இந்தியாவிலிருந்து வந்தவர். குன்றைப் பார்த்ததும், இது எங்கள் நாட்டு மலையாயிற்றே, எப்போது இங்கே பறந்து வந்தது என்று கேட்டாராம். பாறை முழுக்கப் புத்தர் சிற்பங்கள். அம்மா கைகூப்பி நின்றதைப் பார்த்த பெரியவர் ஒருவர், எந்த நாடு என்று கேட்டார். பூர்வீகம் இந்தியா என்றதும் குன்றைக் காட்டி, பிறகு அம்மாவைக் காட்டிச் சிரித்தார்.

ஹோங்சுன் கிராமத்தில் ஓர் இரவு தங்கினோம். 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குப் பரவாதபடி கூரைக்கு மேலே படிப்படியாக உயர்ந்து நிற்கும் பக்கச்சுவர். ஆனால் ஊரின் உயிர் அதன் வாய்க்கால்களில் இருக்கிறது. மலையோடையிலிருந்து திருப்பிய நீர் ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு ஓடி, நடுவே அரைவட்டக் குளத்தில் தேங்கி, தெற்கே ஏரியில் போய்ச் சேர்கிறது. ஊரையே ஒரு மாடாக வைத்து, குளம் இரைப்பை, வாய்க்கால்கள் குடல் என்று விளக்குகிறார்கள். மிங் அரசர்கள் காலத்தில் இதை முன்னின்று வெட்டச் செய்தவர் வாங் குலத்தின் மருமகள் ஹு சோங் என்பது ஊர் வழக்கு. கணவர் வெளியூரில் அரசுப் பணியில் இருந்தாராம். விடிகாலையில் குடிக்க நீர் எடுத்த பிறகுதான் துணி துவைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பல தலைமுறையாக இருந்திருக்கிறது. குழாய் வராத காலத்தில் அத்தனை வீடுகளும் ஒரே நீரை நம்பி வாழ்ந்ததை நினைத்தால் அந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும்.

அங்கேதான் அந்தப் பாட்டியைச் சந்தித்தோம். பனிக்கு முந்தைய வெயிலில் உப்புக்கண்டமும் பன்றித்தொடையும் மூங்கில் கழிகளில் தொங்கும் சந்து அது. பாட்டி வாசலில் ஒரு மரப்பீப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தார். அடியில் சட்டியில் தணல், அதன் மேல் இரும்புக் கம்பித் தட்டு, அதன் மேல் கால், மடியில் போர்வை. அந்த வட்டார வீடுகளில் குளிரைத் தாங்க இதுதான் வழி. அம்மாவுக்கு மூட்டுவலி. அவர் நடக்கிற விதத்தைப் பார்த்த பாட்டி ஏதோ சொன்னார். எங்கள் குழுவில் இருந்த சீன ஆன்ட்டிக்கு மாண்டரின் நன்றாகத் தெரியும், ஆனாலும் அந்த ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை. உள்ளேயிருந்து மருமகள் வந்து மாண்டரினில் சொல்ல, ஆன்ட்டி எங்களுக்குச் சொன்னார்: “காலை உள்ளே வைக்கச் சொல்றாங்கம்மா. மரியாதைக்குச் சொல்லலை, நிஜமாத்தான் கூப்பிடுறாங்க.”

பாட்டி எழுந்து இடம் கொடுத்தார். அம்மா காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பாட்டி போர்வையை இழுத்து அம்மாவின் முழங்காலைச் சுற்றிச் செருகினார். பிறகு இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று அம்மா தமிழில் கேட்க, பாட்டி எதற்கோ தலையாட்டினார். ஆன்ட்டி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார், தேவையும் இருக்கவில்லை. வழிகாட்டி மணியைப் பார்த்தபடி நின்றார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. அதற்காக அவருக்கு என் நன்றி.

ஹுவாங்ஷானில் எங்களுக்குப் பனி கிடைத்தது. ரோப் காரில் ஏறி இறங்கியதும் பைன் மரங்கள் எல்லாம் வெள்ளை. மூடுபனியின் துளிகள் காற்றோடு வந்து ஊசியிலையில் பட்ட இடத்திலேயே உறைந்து, காற்று வந்த பக்கமாகவே வளர்கின்றன. மலைமேல் ஓட்டலுக்குப் போகக் கல்படிதான். அந்தப் படியில்தான் சுமைகாரர்கள் வந்தார்கள். தோளில் மூங்கில் கழி, இரண்டு முனையிலும் சுமை. ஏறும்போது முட்டைக்கோஸ், அரிசி, எண்ணெய். இறங்கும்போது ஓட்டலின் அழுக்குத் துணியும் குப்பையும். கையில் இன்னொரு தடி இருக்கிறது. மூச்சு வாங்கும்போது அதைக் கழிக்கு முட்டுக்கொடுத்து, சுமையைக் கீழே வைக்காமல் நின்றபடியே இளைப்பாறுகிறார்கள். கீழே வைத்தால் மறுபடி தூக்குவது அதைவிடக் கஷ்டம்.

எங்கள் அருகே நின்ற ஒருவரிடம் ஆன்ட்டி பேச்சுக் கொடுத்தார். ஐம்பதைத் தாண்டிய முகம். எவ்வளவு எடை என்று கேட்டதற்கு 120 ஜின் என்றார், அதாவது 60 கிலோ. வழுக்காதா என்று கேட்டோம். காலணியில் கட்டியிருந்த வைக்கோல் கயிற்றைக் காட்டினார். “விடியறதுக்கு முன்னாடியே படியைச் சுத்தம் பண்ற ஆளுங்க வந்துட்டுப் போயிருப்பாங்க, அவங்களாலதான் நான் நடக்கிறேன்” என்றாராம். மறுநாள் அந்த ஆட்களையும் பார்த்தோம். டிசம்பரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் வருகிறது. ஓட்டல் கொடுத்த தடித்த கோட்டோடு நாங்கள் இருட்டில் கிளம்பியபோது, அவர்கள் ஏற்கெனவே மண்வாரியால் படிப் பனியைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். மேகக்கடலை எல்லோரும் படம் பிடித்தார்கள், நானும்தான். ஆனால் அந்த மலையில் யாரை மதிக்க வேண்டும் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் சொல்வேன்.

விருந்தினரை வரவேற்கும் பைன் என்று பெயர்பெற்ற மரத்துக்கும் தனியாகக் காவலர் உண்டு. 1980களிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராகப் பக்கத்திலேயே தங்கி, பகலில் இரண்டு மணிக்கொரு தரம் கிளை, பட்டை, தாங்குகட்டை எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்கள். பனி கனத்தால் கிளை முறியாமல் தட்டிவிடுவதும் அவர்கள் வேலை.

சாப்பாடு பற்றி, சைவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹுவாங்ஷான் நகரத்தில் இருக்கும் துன்ஷி பழைய தெருவில் எள் தூவிய சின்ன ரொட்டி மணக்க மணக்க விற்பார்கள். உள்ளே உலர்த்திய கீரையோடு பன்றிக் கொழுப்பும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பூஞ்சை படிந்த தோஃபுவை எண்ணெயில் பொரித்து மிளகாய்த் துவையலோடு தருவார்கள். தயங்காமல் சாப்பிடலாம்.

குழுப் பயணம் பதிவு செய்பவர்கள் மலைமேல் ஓர் இரவு, கிராமத்தில் ஓர் இரவு இருக்கிறதா என்று முகவரிடம் கேளுங்கள். காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் திட்டம் என்றால் பணம் குறையும், ஆனால் நான் எழுதிய எவரையும் பார்க்க முடியாது. காலணியில் மாட்டும் இரும்புப் பல் மலையடியிலேயே கிடைக்கிறது. படியில் சுமைகாரர் வந்தால் பாறைப் பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள். மலைமேல் இருக்கும் மேற்குக் கடல் என்ற பள்ளத்தாக்கைக் குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். அதற்காகவே போகிறவர்கள் வசந்தம்வரை பொறுப்பது நல்லது.