செக் ரிட்டர்ன் ஆன அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

திருப்பூர், எம்பிராய்டரி யூனிட்:
ஜாப் ஒர்க் கூலிக்கு ஒரு பார்ட்டி கொடுத்த செக், கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்தது. போன் செய்தால் மனிதர் கோபமே படமாட்டார். "ஷிப்மென்ட் பணம் வரட்டும் தம்பி, அடுத்த வாரம் போட்டுடறேன்" என்பார். அடுத்த வாரமும் இதே பாட்டு. தெரிந்தேதான் இழுத்தார் என்பது என் எண்ணம். ஏனென்றால், செக் ஏன் திரும்பியது என்று பேங்க் எழுதித் தரும் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பாவிட்டால், அந்த மெமோவை வைத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138-வது பிரிவில் வழக்குப் போட முடியாது.

வக்கீலிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே மெமோ தேதிதான். நல்லவேளை, நாள் மிச்சம் இருந்தது. நான் வட்டியையும் சேர்த்து எழுதச் சொன்னேன். "செக்கில் உள்ள தொகையை அப்படியே எழுதணும், வட்டி கேட்டால் தனியாகக் காட்டணும். இரண்டையும் குழப்பினால் நோட்டீஸே செல்லாது" என்றார். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பார்ட்டிக்கு 15 நாள் கெடு. அதற்குள்ளும் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நாம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அந்த வேலை வைக்கவில்லை, கெடுவுக்குள் பணம் வந்துவிட்டது. ஷிப்மென்ட் பணம் வந்ததா என்று நான் கேட்கவில்லை!

கரூர், ஜவுளி:
அண்ணா, என் மச்சானுக்கு 30 நாள் தாண்டிவிட்டது. ஆனால் செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை. அதனால் அதே செக்கை மறுபடி பேங்கில் போட்டார். திரும்பவும் ரிட்டர்ன். புது மெமோ வந்ததால் புதிதாக 30 நாள் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் இதற்கு வழி விட்டிருக்கிறது.

மதுரை, ஹார்டுவேர் கடை:
எங்கள் பார்ட்டி ஹைதராபாத். நோட்டீஸை வாங்கவே மறுத்துவிட்டார். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால், மறுத்தாலும் கிடைத்ததாகவே கணக்கு. திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுத்தோம். வழக்குக்கு ஹைதராபாத் வரை அலைய வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தில் வந்த 2015 திருத்தத்துக்குப் பிறகு நம் கணக்கு உள்ள கிளை எந்த ஊரிலோ அந்த ஊர் கோர்ட்தான். இடைக்காலமாகச் செக் தொகையில் 20 சதவீதம் வரை கேட்டு 143ஏ பிரிவில் மனு போட்டிருக்கிறோம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதி முடிவு. இப்போதைக்கு வாய்தா மட்டும் தவறாமல் கிடைக்கிறது.