தெருவுக்குள்ள முதியோர் பராமரிப்பு இல்லம்: மனுவுல கையெழுத்து போடலாமா?

தெற்குவாசல்:
வணக்கம். எங்க நகர் வேலூர்ல பாலாத்துக்குத் தென்கரை, பேர் வேண்டாம். அறுபது சொச்சம் வீடு, இருபதடித் தெரு. மூணாவது குறுக்குத் தெருவுல ஒரு மாடி வீட்டை அறக்கட்டளைக்காரங்க லீசுக்கு எடுத்து, மறதி நோய் வந்த பெரியவங்க 14 பேரை வச்சுப் பாத்துக்கப் போறாங்களாம். வாசல்ல சாய்தளம் போட்டு, பாத்ரூம்ல கைப்பிடிக் கம்பி அடிச்ச பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். ஒரு வார்த்தை கேக்கலை.

சங்கத்துல மனு எழுதியாச்சு. குடியிருப்புப் பகுதியில இந்த மாதிரி நிறுவனம் கூடாதுங்கறதுதான் சாரம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள்ல கொடுத்துட்டு மாநகராட்சிக்கும் ஒரு நகல் போடறோம். பார்க்கிங்குக்கும் ஆம்புலன்ஸ் திரும்பறதுக்கும் இடம் கிடையாது. செப்டிக் டேங்க் ஒரு குடும்பத்துக்குக் கட்டினது. தாழ்வான இடம் வேற. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினப்ப கடைசித் தெருவுல முழங்கால் தண்ணி. ராத்திரி சத்தம் இருக்கும். சின்னப் பசங்க விளையாடற தெரு.

கல்நெஞ்சக்காரன்னு திட்ட வர்றவங்க, முதல்ல உங்க பக்கத்து வீட்டை ஒரு தரம் நினைச்சுப் பாத்துட்டு எழுதுங்க.

கோட்டை_அகழி:
இன்னா சார் இது. எங்க தெருவுல வந்து பாருங்க. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு கொல்கத்தா, அசாம், பங்களாதேஷ்னு வர்ற ஜனங்களுக்கு ரூம் விடறோம்னு வீடெல்லாம் லாட்ஜு ஆயிடுச்சு. ஒரு மாடிக்கு ஆறு ரூம்பு, ரூம்புக்கு ஒரு காஸ் அடுப்பு, நாள் வாடகை. படிக்கட்டுக்குக் கீழே நாப்பது ஜோடி செருப்பு கீது. அதுல இருக்கறவங்க அத்தனை பேரும் நோயாளிதான். அவங்க வீட்டு செப்டிக் டேங்கு மட்டும் இன்னா, சமுத்திரமா? எவனும் மனு எழுதலை. எழுதணும்னா எழுதறவன் வீட்டு மாடியையும் சேத்து எழுதணுமே.

தெற்குவாசல்:
அது டவுனுக்குள்ள. எங்க நகர்ல லாட்ஜ் கிடையாது. காலேஜ் பசங்க தங்கற வீடு ரெண்டு இருக்கு, அவ்வளவுதான்.

முள்ளுக்கத்திரி:
அந்த ரெண்டு வீட்டுல எத்தனை பசங்க சார்?

தெற்குவாசல்:
ஒண்ணுல ஒன்பது பேர். இன்னொண்ணுல பதினெட்டு இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முள்ளுக்கத்திரி:
சம்பந்தம் இருக்கு. உங்க மனுவைப் படிச்சதும் எனக்கு ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்தது. டெக்சாஸ்ல கிளீபர்ன்னு ஒரு ஊர். 1980ல ஒரு வீட்டை வாங்கி, அறிவுசார் குறைபாடு உள்ள 13 பேரை அதுல தங்க வைக்கப் பாத்தாங்க. ஊர் மன்றம் தனி அனுமதி வேணும்னு சொல்லி, ஓட்டெடுத்து 3-க்கு 1ன்னு மறுத்துட்டது. காரணம் என்ன தெரியுமா? எதிர்ல ஸ்கூல் இருக்கு, பசங்க கேலி பண்ணுவாங்க. ஐந்நூறு வருஷத்துக்கு ஒரு தரம் வெள்ளம் வரக்கூடிய இடம். வீட்டு அளவுக்கு ஆள் ஜாஸ்தி. அக்கம்பக்கத்துல பயப்படறாங்க. உங்க மனுவை இங்கிலீஷ்ல எழுதின மாதிரியே இல்லை?

1985ல அவங்க உச்ச நீதிமன்றம் ஒரு சின்னக் கேள்விதான் கேட்டது. அதே இடத்துல அபார்ட்மென்ட் கட்டலாம், மாணவர் விடுதி நடத்தலாம், வயசானவங்களுக்கு நர்சிங் ஹோம் கூட நடத்தலாம், எதுக்கும் இந்தத் தனி அனுமதி தேவையில்லை. வெள்ளம் வந்தா அவங்க வீட்டுக்குள்ள மட்டும் வராதா? கேலி பண்ணுவாங்கன்னு சொன்ன அந்த ஸ்கூல்லயே அப்படிப்பட்ட பிள்ளைங்க சுமார் 30 பேர் படிச்சிட்டுத்தான் இருந்தாங்க. இவங்களுக்குத் தனிச் சலுகை கொடுங்கன்னு கோர்ட் சொல்லலை, அதையும் சொல்லிடறேன். எல்லாரையும் கேக்காத கேள்வியை இவங்களை மட்டும் கேக்கறதுக்குக் காரணம் காட்டுன்னுச்சு. ஊரால காட்ட முடியலை.

உங்க தெருவுல 18 பசங்க தங்கற வீட்டுக்கு ஒரு பேப்பர் கேட்டிருக்கீங்களா?

தெற்குவாசல்:
டெக்சாஸ் சட்டம் வேலூருக்குச் செல்லாது தம்பி.

ஓய்வு_ஆர்ஐ:
செல்லாதுதான். நம்ம சட்டத்தைப் பாப்போம். வருவாய்த் துறையில 31 வருஷம் ஃபைல் பாத்தவன்ங்கற உரிமையில சொல்றேன், ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது.

1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளான்ல நிலத்தை வகைப்படுத்தியிருக்கும்: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம்னு. உங்க சர்வே எண் எதுல வருதுன்னு உள்ளூர் திட்டக் குழுமத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கணும், அதுதான் முதல் வேலை. வகை பொருந்தலைன்னா நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு மனு போட வேண்டியது அறக்கட்டளை. போடாம நடத்தினா 56, 57ஆம் பிரிவுல நோட்டீஸ், பூட்டு சீல் வரைக்கும் போகலாம். 18 பசங்க வீட்டுக்கும் இதே 56, 57தான், அதை மறந்துடாதீங்க. கலெக்டர்கிட்ட மனு கொடுத்தா சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைப்பாங்க, அங்க கேக்கற முதல் கேள்வியும் இந்த வகைதான். கவுன்சிலர் வாய்மொழியா "பாத்துக்கறேன்"னு சொன்னா அதுக்கு மதிப்பு கிடையாது.

ஆனா மாநகராட்சிக்கு ஒரு பக்கம் மட்டும் பொறுப்பு இல்லை. 1992ல 74ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாவது அட்டவணையில 18 இனம் இருக்கு. முதல் ரெண்டு, நகரத் திட்டமும் நில உபயோகத்தை ஒழுங்குபடுத்தறதும். ஒன்பதாவது, மாற்றுத்திறனாளிகள் உள்பட நலிந்தவங்களோட நலனைக் காக்கறது. ரெண்டுமே ஒரே கையில. நீங்க முதல் ரெண்டை மட்டும் படிச்சுட்டு வர்றீங்க, முள்ளுக்கத்திரி ஒன்பதை மட்டும் படிக்கிறார்.

டூட்டி_அக்கா:
நான் இந்த மாதிரி ரெண்டு இல்லத்துல நர்ஸா இருந்தவ. ஒண்ணு காட்பாடிப் பக்கம் தெருவுக்குள்ள இருந்தது, இன்னொண்ணு ஊருக்கு வெளியே தோப்புக்குள்ள. மனு எழுதினவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கு, எதிர்க்கறவங்களுக்கும் இருக்கு.

ராத்திரி சத்தம்னு எழுதியிருக்கீங்க. சார், மறதி வந்தவங்களுக்குக் கஷ்டமான நேரம் சாயங்காலம். அஞ்சு மணிக்கு வெயில் சாயும்போதே ஒரு பதட்டம் தொத்திக்கும். தெருவுக்குள்ள இருந்த இல்லத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. தினமும் அஞ்சேகாலுக்கு ரெண்டு புடவையை மஞ்சப் பையில மடிச்சு வச்சுக்கிட்டு கேட்டுக்கிட்ட வந்து நிப்பாங்க. போறவங்க வர்றவங்க எல்லாரையும், "குடியாத்தம் பஸ் போயிடுச்சா?"ன்னு கேப்பாங்க. நாங்க உள்ள கூப்பிட்டா வர மாட்டாங்க, கையைத் தட்டி விடுவாங்க. எதிர் வீட்டுல மாவரைச்சு விக்கற அம்மா, கிரைண்டர்ல கையை வச்சுக்கிட்டே, "இன்னும் வரலை டீச்சர், வந்தா நானே குரல் கொடுக்கறேன், உக்காருங்க"ம்பாங்க. உக்காந்துடுவாங்க. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. தோப்புல அந்த வேலைக்கு மாத்திரைதான். அங்க கேட்டுக்கு வெளியே பதில் சொல்ல மாடு கூட கிடையாது.

இது ஒரு பக்கம். இப்ப அறக்கட்டளைக்காரங்களை நான் கேக்கறேன்: 14 பேர்ல மாடியில எத்தனை பேர்? ராத்திரி டூட்டிக்கு எத்தனை ஆள்? வீட்டு மாடிப்படி மூணடி அகலம், நடுவுல ஒரு திருப்பம். அதுல ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நடக்க முடியாதவரைப் பெட்ஷீட்டுல படுக்க வச்சு தலைமாட்டுல ஒருத்தி கால்மாட்டுல ஒருத்தின்னு இறக்கியிருக்கேன், ஒரு ஆளை இறக்கவே மூச்சு வாங்கிடும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் பாக்ஸ் பத்திக்கிச்சுன்னா மேல இருக்கற ஏழு பேரை ரெண்டு பொம்பளைங்க எப்படி இறக்குவாங்க? ஏர்வாடி ஞாபகம் இருக்கா? 2001 ஆகஸ்ட் 6. சங்கிலி போட்டு வச்சிருந்த மனநோயாளிங்க 28 பேர் கொட்டகையோட எரிஞ்சு போனாங்க.

மனுவுல இது ஒண்ணு கூட இல்லை. பார்க்கிங் இருக்கு.

தெற்குவாசல்:
அக்கா, ஏர்வாடியைச் சொல்லி நீங்களே என் பக்கம் பேசறீங்க. அதனாலதான் வீட்டுல வேண்டாம், சரியான கட்டடத்துல நடத்தட்டும்ங்கறேன்.

டூட்டி_அக்கா:
சரியான கட்டடம்னா ஊருக்கு வெளியேன்னு நீங்களா அர்த்தம் பண்ணிக்கிறீங்க. கீழ்த்தளத்துல எட்டு பேர், ராத்திரிக்கு ரெண்டு ஆள், பின்பக்கம் இன்னொரு கதவு. அதே வீடே சரியான கட்டடம் ஆயிடும். பெரியவங்க கூட்டமா இருக்கறது உங்களுக்கும் இடைஞ்சல், அவங்களுக்கும் ஆபத்து.

வாசல்_கோலம்:
நான் அதே நகர்தான். மனுவுல கையெழுத்து போட்டவ. யாரும் பேசாத விஷயத்தை நான் பேசறேன்: வீட்டு விலை. ஹவுசிங் லோன் இன்னும் 11 வருஷம் கட்டணும். நாளைக்கு விக்கப் போனா, "பக்கத்துல அந்த இல்லம் இருக்கே"ன்னு தரகர் ஆரம்பிப்பான். இதை வெளியில சொன்னா அசிங்கம்னு எல்லாரும் செப்டிக் டேங்க் பின்னாடி ஒளிஞ்சுக்கறாங்க.

முள்ளுக்கத்திரி:
நேர்மையா சொன்னதுக்கு நன்றிங்க. ஆனா பாகாயத்தைப் பாருங்க. 1957லிருந்து சிஎம்சி மனநல மையம் அங்கதான். நோயாளி கூட குடும்பத்துல ஒருத்தரும் தங்கணும்ங்கற முறை வேற. அதனால பாகாயத்துல மனை மலிவா கிடைக்குதுன்னு யாராவது சொன்னா எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அந்த ஆஸ்பத்திரியே 1900ல ஐடா ஸ்கடர் அப்பா பங்களாவுல ஒரே ஒரு படுக்கையோட தொடங்கினது. அன்னைக்கு ஒரு நலச்சங்கம் இருந்திருந்தா, இன்னைக்கு வேலூர்ல பாதிப் பேருக்கு வாடகை வருமானமே கிடையாது.

வாசல்_கோலம்:
பாகாயத்துல மதில் சுவரும் மரமும் நடுவுல இருக்கு. எங்க படுக்கையறை ஜன்னலுக்கும் அந்த வீட்டு பால்கனிக்கும் நடுவுல ஏழடி. ஒப்பிடாதீங்க.

முள்ளுக்கத்திரி:
ஏழடி, ஒத்துக்கறேன். அதுக்கு ஒரு மறைப்பு கேளுங்க, கிடைக்கும்.

சின்னா:
எங்கம்மா தூய்மைப் பணியாளர். இந்த மாதிரி விவாதத்துல எங்களை யாரும் கேக்க மாட்டாங்க, நானே சொல்றேன். 14 பேருக்கு ஆளுக்கு மூணு டயப்பர்னா ஒரு நாளைக்கு 42. அதைத் தனியா சுத்திக் கொடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க. இல்லம் நடத்தறவங்க கொடுப்பாங்களான்னு எனக்கும் சந்தேகம்தான், அதை எழுதி வாங்கணும்.

ஆனா சார், உங்க மாதிரி நகர்கள்ல இப்பவே அது வருது. கைக்குழந்தை வீட்டுலயும் வருது, படுத்த படுக்கையா பெரியவங்க இருக்கற வீட்டுலயும் வருது. கறிக்கடை கவர்ல போட்டு, மேல காய்கறித் தோலைக் கொட்டி, மக்கும் குப்பைன்னு நீட்டுவாங்க. அம்மா கையால பிரிக்கும்போதுதான் தெரியும். ஒரு இல்லம் வந்தா கேள்வி கேக்க ஒரு ஆபீஸ் இருக்கும். வீட்டுல யாரைக் கேக்கறது?

கோட்டை_அகழி:
சின்னா சொன்னதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? படுத்த படுக்கையா பெருசுங்க ஏற்கெனவே அந்தத் தெருவுலதான் கீறாங்க. ஒவ்வொரு வீட்டு உள் ரூம்புலயும் ஒண்ணு. கதவு சாத்தியிருக்கறதால நமக்குத் தெரியலை.

தெற்குவாசல்:
சரி. ஓய்வு_ஆர்ஐ சார் கிட்ட ஒரு கேள்வி. பதிவு எங்க பண்ணணும்? பதிவு இல்லாம நடத்தறாங்கன்னா அதையே முதல் காரணமா வைக்கலாம்.

ஓய்வு_ஆர்ஐ:
நல்ல கேள்வி, ஆனா அந்தக் கத்தி ரெண்டு பக்கமும் வெட்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல மனநோய்க்கான விளக்கத்துல நினைவாற்றல் பாதிப்பும் வருது. அப்படிப் பாத்தா 65ஆம் பிரிவுப்படி மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணாம இதை நடத்த முடியாதுன்னு நீங்க வாதாடலாம். தாராளமா கேளுங்க. ஆனா அதே சட்டத்துல 19ஆம் பிரிவைப் படிங்க. மனநோய் உள்ள எவரும் சமூகத்துக்குள்ள வாழ உரிமை உள்ளவர், அவரை ஒதுக்கி வைக்கக் கூடாதுன்னு இருக்கு. 65ஐக் காட்டி உள்ள நுழைஞ்சீங்கன்னா 19 வாசல்லயே உக்காந்திருக்கும்.

இன்னொண்ணு. 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஒண்ணாவது 150 பேர் தங்கற மாதிரி முதியோர் இல்லம்னு பேசுது. எனக்கென்னவோ 150 பேர் கட்டடத்தை விட எட்டு பேர் வீடு மேல்னு தோணுது. இது ஆர்ஐயா சொல்லலை, 74 வயசுக்காரனா சொல்றேன்.

தெற்குவாசல்:
நேத்து சாயங்காலம் நானும் பொருளாளரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்தோம். பின்கதவு இருக்கு, ஆனா வெளியே தண்ணி டேங்க் வச்சு அடைச்சிருக்கு. எண்ணிக்கையைப் பத்திக் கேட்டா, "பத்துன்னா கட்டுப்படியாகாதுங்க"ன்னாங்க. எட்டு கேட்டா என்ன சொல்லுவாங்களோ. மனுவைத் திருத்தியிருக்கேன்:

"மேற்படி வீட்டில் பராமரிப்பு இல்லம் தொடங்குமுன் நிலப் பயன்பாட்டு வகையும் உரிய பதிவும் சரிபார்க்கப்பட வேண்டும். மாடியில் நடக்க இயலாதவர்களைத் தங்க வைக்கக் கூடாது. பின்வாசல் திறந்திருக்க வேண்டும். இரவுப் பணியில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். எண்ணிக்கை எட்டுக்கு மிகக் கூடாது. கழிவு அகற்றலுக்கு எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும். இப்படிப்பட்டவர்கள் நடமாடும் சூழலில் குழந்தைகள், பெண்கள் பாதுகாப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும்."

பார்க்கிங்கையும் வெள்ளத்தையும் எடுத்துட்டேன். காலேஜ் பசங்க வீட்டையும் சேத்து எழுதச் சொன்னா, அந்த வீட்டு ஓனர்தான் எங்க துணைத் தலைவர். அது நடக்காது.

டூட்டி_அக்கா:
நல்லா வந்திருக்கு சார். கடைசி வரி மட்டும் வேண்டாமே. "இப்படிப்பட்டவர்கள்"னு. பஸ்ஸுக்கு நிக்கற டீச்சரம்மாவா குழந்தைங்களை என்ன பண்ணிடப் போறாங்க?

தெற்குவாசல்:
எனக்கும் அந்த வரி உறுத்தத்தான் செய்யுது அக்கா. ஆனா அதை எடுத்துட்டா பாதிப் பேர் கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவாங்க.