மறு: ப்ரீபயாடிக் – ‘முன்னுயிரி’ வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ப்ரீபயாடிக் (prebiotic) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘முன்னுயிரி’ என்று நம் குழுவில் வந்த பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மூலச்சொல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்து ஒட்டியதில் பொருள் தவறிவிட்டது. படிப்பவர் அதை ஓர் உயிரி என்றே நினைப்பார். அது உயிரியே இல்லை. நம் உடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகும் பொருள்.

வெங்காயத்தில் இருக்கும் இனுலின் என்ற நார்ச்சத்தைப் பாருங்கள். அதை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அதனால் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் முதலிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே பியூட்டிரேட்தான். கூடவே வாயுவும் பிறக்கும். நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்வது இதனால்தான்.

என் பரிந்துரை ‘நலவுயிரூட்டம்’. நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரான ப்ரோபயாடிக்கை ‘நலவுயிரி’ என்று கொண்டால், ஒன்று உயிர், மற்றது அதற்கான ஊட்டம் என்பது பளிச்சென்று விளங்கும். இரண்டும் சேர்ந்த சின்பயாடிக்கை ‘நலவுயிர்க் கூட்டு’ எனலாம். ‘நுண்ணுயிரூட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான்; ஆனால் இரும்பு, துத்தநாகம் போன்றவற்றுக்கு ‘நுண்ணூட்டம்’ வழக்கில் இருக்கிறதே, இரண்டும் குழம்பும். ‘குடல்’ என்ற அடையும் வேண்டாம். 2017இல் அறிஞர் குழு வெளியிட்ட வரையறை ப்ரீபயாடிக்கைக் குடலோடு நிறுத்தவில்லை.

உயிர், ஊட்டம் என்ற இந்த வேறுபாட்டில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ப்ரோபயாடிக் என்றால் உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவிலும் இருக்க வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண் நிறுவன வரையறை. தயிரைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். பருப்பை வேகவைத்தாலோ அதிலுள்ள ப்ரீபயாடிக் நார்ச்சத்து பெரும்பாலும் நிலைத்திருக்கும். இரண்டையும் ‘உயிரி’ என்றே எழுதினால் சமைப்பவருக்கு இது எப்படிப் புரியும்?

டிஸ்பயோசிஸ் (dysbiosis) என்ற சொல்லுக்குக் ‘குடல்நோய்’ என்ற பெயர் கூடவே கூடாது. ஆன்டிபயாட்டிக் மருந்து நோய்க்கிருமியோடு நல்ல பாக்டீரியாக்களையும் அழிப்பதாலோ, நார்ச்சத்துக் குறைந்த உணவையே நெடுநாள் உண்பதாலோ நுண்ணுயிர்களின் கலவை குலைவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அந்தக் குலைவு நோயோடு சேர்ந்தும் வரலாம், நோயில்லாமலும் இருக்கலாம். ‘நுண்ணுயிர்க் குலைவு’ போதும்.

‘நலவுயிரூட்டம்’ நாவில் எளிதாக வருகிறதா என்று மருத்துவ நண்பர்கள் நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். நீளம் தடையானால் ‘நலவூட்டு’ என்று சுருக்கவும் எனக்குச் சம்மதமே.