செஃப் மீட்பு நடக்கும்போது நலமாக உள்ள நோடு ஏன் மறுதொடக்கம் ஆகிறது?

கேள்வி

வணக்கம். மூன்று நோடுகள் (சர்வர்கள்) கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் (மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருள்) கிளஸ்டர் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு நோடிலும் ஆறு எஸ்எஸ்டி டிஸ்குகள் உள்ளன; எல்லா நோடுகளின் டிஸ்குகளையும் ஒரே சேமிப்பகமாக்கும் செஃப் ஸ்டோரேஜில் தரவு மூன்று பிரதிகளாக இருக்கிறது; கொள்ளளவில் ஏறத்தாழ 75 சதவீதம் நிரம்பியுள்ளது. நோடு ஒவ்வொன்றிலும் இரண்டு 10 ஜிபிபிஎஸ் போர்ட்டுகளை எல்ஏசிபி முறையில் ஒரே இணைப்பாக்கி, ஸ்டோரேஜ், கோரோசிங்க் (நோடுகள் தங்களுக்குள் தொடர்பில் இருக்க உதவும் சேவை), மெய்நிகர் இயந்திரங்கள் ஆகிய மூன்றின் போக்குவரத்தையும் விலேன்களாக (மெய்நிகர் வலையமைப்புகளாக) பிரித்து அதன் வழியாகவே அனுப்புகிறோம். அன்றாட வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பழுதான டிஸ்க் ஒன்றை மாற்றியபின் தரவு மீட்பு தொடங்கியதும் மெய்நிகர் இயந்திரங்கள் மிகவும் மந்தமாயின. சற்று நேரத்தில் நலமாக இருந்த இன்னொரு நோடு தானாகவே மறுதொடக்கம் ஆனது. அதன் வன்பொருளில் பழுது எதுவும் காணப்படவில்லை. 25 ஜிபிபிஎஸ் கார்டுகளுக்கு மாறினால் இது தீருமா, அல்லது நான்காவது நோடு சேர்ப்பதே வழியா?

பதில் 1

வணக்கம். கார்டு வாங்குவதற்கு முன் கோரோசிங்க்கைத் தனி வழிக்கு மாற்றுங்கள். நீங்கள் விவரிக்கும் மறுதொடக்கம், கோரோசிங்க் மற்றவற்றோடு ஒரே பாதையைப் பகிர்வதால்தான் ஏறக்குறைய உறுதியாக நிகழ்ந்திருக்கிறது.

கோரோசிங்க் அனுப்பும் தரவு மிகக் குறைவு. ஆனால் அது தாமதத்தைச் சற்றும் பொறுக்காது. மீட்பின்போது செஃப் கிடைக்கிற அலைவரிசை முழுவதையும் எடுத்துக்கொள்ள முயல்வதால், ஸ்விட்சின் வரிசையில் கோரோசிங்க் பொட்டலங்கள் பின்தங்குகின்றன அல்லது கைவிடப்படுகின்றன. அதன் விளைவாக ஒரு நோடு மற்ற இரண்டோடும் தொடர்பிழந்து குவோரம் (பெரும்பான்மை) இல்லாமல் போகும்போது, அதில் உயர்-கிடைப்பு சேவைகள் (நோடு விழுந்தால் வேறு நோடில் தானாகத் தொடங்கப்படுபவை) இயங்கிக்கொண்டிருந்தால், 60 வினாடிகளில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அந்த நோடை மறுதொடக்கம் செய்துவிடும். ஒரே மெய்நிகர் இயந்திரம் இரண்டு இடங்களில் இயங்கி டிஸ்கைக் கெடுத்துவிடாமல் காக்கவே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆகவே அது தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது. விலேன் என்பது வலையமைப்பைத் தர்க்க அளவில்தான் பிரிக்கும். கம்பியில் உள்ள நெரிசலைப் பிரிக்காது.

கோரோசிங்க்குக்கு 1 ஜிபிபிஎஸ் போர்ட் ஒன்றும் தனியான சிறிய ஸ்விட்ச் ஒன்றும் போதும். இப்போதுள்ள பாதையை இரண்டாவது இணைப்பாகக் குறைந்த முன்னுரிமையுடன் வைத்துக்கொள்ளுங்கள். தனிப் பாதை அறுந்தால் அது கைகொடுக்கும். அமைப்புக் கோப்பைத் திருத்தும்போது அதிலுள்ள பதிப்பு எண்ணை உயர்த்த மறக்க வேண்டாம். வேலை முடியும் வரை உயர்-கிடைப்பு சேவைகளை நிறுத்தி வைப்பதும் நல்லது.

பதில் 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது உங்கள் 75 சதவீதம்.

மூன்று நோடுகளில் மூன்று பிரதிகள் என்றால், ஒவ்வொரு நோடும் முழுத் தரவின் ஒரு பிரதியைத் தாங்குகிறது. ஒரு டிஸ்க் பழுதானால் அதிலிருந்த பங்கை வேறு நோடு ஏற்க முடியாது. அதே நோடில் எஞ்சிய ஐந்து டிஸ்குகளே ஏற்க வேண்டும். ஆறு டிஸ்குகளில் 75 சதவீதம் என்பது ஐந்து டிஸ்குகளில் 90 சதவீதம். செஃப்பின் இயல்பு அமைப்பில் ஒரு டிஸ்க் 85 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை வரும். 90 சதவீதத்தில் அந்த டிஸ்குக்குள் மீட்புத் தரவு செல்வது நிறுத்தப்படும். 95 சதவீதத்தில் எழுதுவதே நிறுத்தப்படும். தரவு எல்லா டிஸ்குகளிலும் ஒரே அளவில் பரவுவதில்லை என்பதால், சில டிஸ்குகள் இந்த எல்லைகளை இன்னும் முன்னதாகவே தொட்டுவிடும். எனவே 65 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு என்று கருதுகிறேன்.

நான்காவது நோடு வேகத்துக்காக அல்ல, இதற்காகத்தான் தேவைப்படுகிறது. மூன்றில் ஒரு நோடு முழுவதுமாக விழுந்தால், மூன்றாவது பிரதியை உருவாக்க வேறு இடமே இருக்காது. நான்கில் ஒன்று விழுந்தால், மற்ற மூன்றில் போதிய இடம் இருக்கும் பட்சத்தில் கிளஸ்டர் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தாய்ப்பலகையில் பயன்படுத்தாத 1 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள் இருக்கின்றன. கோரோசிங்க்கை அவற்றுக்கு மாற்றுகிறேன். மேலும் இரண்டு ஐயங்கள்: ஸ்டோரேஜ் பாதையில் எம்டியூ அளவை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவை) 9000 பைட் ஆக்கலாமா? பராமரிப்பின்போது சேவை தடைபடாமல் இருக்க, குறைந்தபட்சப் பிரதி எண்ணிக்கையை 2-இலிருந்து 1 ஆக்கலாம் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார், அது சரியா?

பதில் 2 எழுதியவர்

இரண்டாவதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்த எண் 1 ஆனால், ஒரே பிரதி எஞ்சியிருக்கும் நிலையிலும் செஃப் புதிய எழுத்துகளை ஏற்கும். அந்த டிஸ்கும் அப்போது போய்விட்டால், அந்தத் தரவை எங்கிருந்தும் மீட்க இயலாது. சேவை சற்று நேரம் நிற்பதைப் பயனர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தரவு போனால் என்ன பதில் சொல்வோம்?

எம்டியூ 9000 பயன் தரும். ஆனால் போர்ட், பாண்ட் (ஒன்றாக்கிய போர்ட்டுகள்), விலேன், ஸ்விட்ச் என எல்லா இடங்களிலும் அது ஒத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் விடுபட்டாலும் சிறிய பொட்டலங்கள் தாராளமாகச் சென்று பெரியவை மட்டும் காணாமல் போகும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். பொட்டலத்தை உடைக்கக் கூடாது என்ற விருப்பத்துடன் 8972 பைட் அளவில் பிங் அனுப்பி, ஒவ்வொரு நோடிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் சோதியுங்கள். 9000-இலிருந்து ஐபி தலைப்புக்கு 20 பைட்டும் ஐசிஎம்பி தலைப்புக்கு 8 பைட்டும் கழிந்தால் வருவது அந்த எண்.

பதில் 1 எழுதியவர்

மந்தநிலை குறித்து ஒன்று விடுபட்டுவிட்டது. செஃப்பின் குவின்சி பதிப்பு முதல், பயனர் வேலைக்கும் மீட்புக்கும் டிஸ்கின் திறனைப் பங்கிடும் எம்க்ளாக் என்ற திட்டமிடலே இயல்பானது என்பதால், மீட்பு வேகத்தைக் குறைக்கப் பழைய கட்டுரைகள் சொல்லும் பேக்ஃபில் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் நடக்கும் தரவு மீள்நிரப்பல்களின் எண்ணிக்கையை) மாற்றினாலும், அதற்கெனத் தனி அனுமதி கொடுக்காவிட்டால் பலன் இருக்காது. அதற்குப் பதிலாக, பயனர் வேலைக்கு முன்னுரிமை தரும் எம்க்ளாக் ப்ரொஃபைலை அலுவல் நேரத்தில் வைத்து, இரவில் மீட்புக்கு முன்னுரிமை தருவதற்கு மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவையும் செய்தபின்னும் மீட்பின்போது 10 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள் நிரம்பியே இருந்தால், அப்போது 25 ஜிபிபிஎஸ் கார்டுகளுக்குச் செலவிடுங்கள்.