களர் நிலத்துக்குக் கேழ்வரகு விதை நேர்த்தி: செய்து பார்த்தவங்க சொல்லுங்க

வணக்கம். காரிமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர், போர் தண்ணிதான். மண் பரிசோதனையில பி.எச். 8.9 வந்திருக்கு, களர்னு, அதாவது சோடியம் மிஞ்சின மண்ணுன்னு சொல்லிட்டாங்க. மழை பெஞ்சு காய்ஞ்சா மேல ஓடு கட்டிக்குது. கேழ்வரகு பாதிக்கு மேல முளைக்கிறதே இல்ல, முளைச்சதும் நுனி கருகுது.

ஜிப்சம் போட்டு நல்ல தண்ணி நிறுத்தி வடிக்கணும்னு தெரியும். அந்த நல்ல தண்ணிக்கு எங்க போறது, நம்ம ஊர்ல?

அதனால ஆடிப் பட்டத்துக்கு விதையையாவது தயார் பண்ணலாம்னு இருக்கேன். லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கரைச்சு, விதையை 6 மணி நேரம் ஊறவச்சு, நிழல்ல பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்துற முறை. வறட்சிக்குன்னுதான் இதைச் சொல்றாங்க. களர்ல பயிரைக் கெடுக்கிறது சோடியம். அதுக்கு எதிரா நிக்கிறது கால்சியம்தானே, அப்ப இங்கயும் கைகொடுக்குமா? செஞ்சு பார்த்தவங்க முளைப்புல வித்தியாசம் கண்டீங்களா?

உலர்த்தின விதையை எத்தனை நாள் வைக்கலாம்? அசோஸ்பைரில்லம் நுண்ணுயிர் உரத்தை அதுக்கப்புறம் கலந்தா போதுமா? தருமபுரியில கால்சியம் குளோரைடு சில்லறையா எங்க கிடைக்கும்?

களரைத் தாங்குற திருச்சி 1 ராகி ரக விதை பையூர் ஆராய்ச்சி நிலையத்துலயோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துலயோ இப்ப இருக்கான்னு தெரிஞ்சவங்களும் சொல்லுங்க. உரக்கடை ‘டானிக்’ பேரு மட்டும் வேண்டாம்ங்க.