யூட்டிலிட்டி பிளேயர்: "பயன்பாட்டு வீரர்" வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். பேஸ்பாலில் பல இடங்களில் நின்று ஆடக்கூடியவரை "யூட்டிலிட்டி பிளேயர்" என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். "சகலதுறை ஆட்டக்காரர்", "மாற்றாட்டக்காரர்", "பன்னிலை ஆட்டக்காரர்" என்றெல்லாம் முன்மொழிவுகள் வந்தன. ஒருவர் இப்படிக் கேட்டார்:

> "பயன்பாட்டு வீரர்" என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம் ஐயா, ஆனால் அணியின் மற்ற எட்டுப் பேரும் பயன்படாதவர்களா என்று கேட்பார்கள். "சகலதுறை ஆட்டக்காரர்" நல்ல சொல்தான். இலங்கையில் கிரிக்கெட் ஆல்ரவுண்டரை அப்படித்தான் எழுதுகிறார்கள். அதனாலேயே இங்கே இடிக்கிறது. அது பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார் என்று திறமையைச் சொல்வது. பேஸ்பாலில் நமக்கு வேண்டியது, களத்தில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுபவருக்கான பெயர்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜான் மாண்ட்கமரி வார்டை எடுத்துக்கொள்வோம். பிராவிடன்ஸ் அணியின் பந்தெறிவாளர். 1879-இல் 47 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 17 அன்று பஃபலோ அணியில் ஒருவரைக்கூட முதல் பேஸ் (மட்டையாளர் ஓடிச் சேரவேண்டிய முதல் முனை) ஏறவிடவில்லை. பந்தெறியாத நாள்களிலும் அவருக்கு ஓய்வில்லை. மூன்றாம் பேஸிலோ வெளிக்களத்திலோ நிற்பார். அன்றைய அணிகளில் ஆள் குறைவு, காயம் பட்டாலொழிய மாற்று ஆளை இறக்கவும் முடியாது. பந்தெறிபவர் களைத்தால் வெளிக்களத்தில் நிற்பவரோடு இடம் மாற்றிக்கொள்வதுதான் வழி. "மாற்றாட்டக்காரர்" என்ற முன்மொழிவு இதனால்தான் சரிவராது: வார்ட் களத்துக்குள்ளேயே இருந்தவர், பெஞ்சில் காத்திருந்தவர் அல்ல.

அப்புறம் நியூயார்க் அணி. 1884-இல் வலது கை கெட்டது. கை தேறும்வரை நடு வெளிக்களத்தில் நின்று இடது கையால் எறிந்தார்! பிறகு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) ஆகி, 1887-இல் 111 பேஸ்களைத் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். 100-க்கு மேல் பந்தெறி வெற்றிகளும் (அவருக்கு 164) 2,000-க்கு மேல் ஹிட்டுகளும் (பந்தை அடித்துப் பேஸ் சேர்வது) எடுத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நடுவே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்ததும், 1885-இல் வீரர்களுக்குச் சங்கம் தொடங்கியதும், 1890-இல் முதலாளிகளுக்கு எதிராகத் தனி லீகே நடத்தியதும் நம் சொல்லுக்குள் அடங்காது. அதற்கு வேண்டுமானால் சகலதுறை என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: பல்லிட ஆட்டக்காரர். "பன்னிலை" இன்னும் அழகுதான். ஆனால் நிலை என்றதும் தரவரிசை, கட்டம் என்றெல்லாம் பொருள் ஓடும். இடம் என்றால் குழப்பமில்லை. "பல்லிட ஆட்டம்", "பல்லிடத் திறன்" என்று நீட்டவும் வரும்.

ஷார்ட்ஸ்டாப்பை இப்போதைக்கு அப்படியே விடுவோம். "குறுந்தடுப்பாளர்" என்றால் ஆள் குள்ளம் என்று நினைப்பார்கள்.