ஏரோலைட் பிறந்தது 1851ஆ, 1869ஆ?

கரிப்புகை: "யார்க் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போன ஏரோலைட் நீராவி எஞ்சின், 1851 லண்டன் மகா கண்காட்சியில் நின்ற அதே எஞ்சின்" என்று நேற்று ஒருவர் இங்கே அள்ளி விட்டிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கண்காட்சியில் நின்றது 1868இல் மோதி நொறுங்கிவிட்டது. இங்கிலாந்தின் வடகிழக்கு ரயில்வே பொறியாளரின் சலூனை, அதாவது அவர் பயணிக்கும் தனிப் பெட்டியை, 1933 வரை ஆய்வுப் பயணங்களில் இழுத்துப் போனது 1869இல் கட்டிய வேறு எஞ்சின். யார்க்குக்குப் போனது அதுதான்.

சிவப்புக்கொடி: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அதே மாதிரியில் கட்டி, பிறகு அதே பெயரையும் வைத்தார்கள். அப்புறம் என்ன?

கரிப்புகை: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தால் தாத்தாவின் பிறந்த தேதியும் சேர்ந்து வந்துவிடுமா? 1869.

சிவப்புக்கொடி: உங்கள் 1869 மட்டும் அப்படியே இருக்கிறதா? ஒரே நீராவியை இரண்டு முறை பயன்படுத்தும் காம்பவுண்டாக மாற்றினார்கள், 2-2-2 சக்கர அமைப்பை (முன், இயக்கு, பின் சக்கரங்களின் எண்ணிக்கை) கடைசியில் 2-2-4 ஆக்கினார்கள். 1851 ஏரோலைட்டைக் கட்டிய லீட்ஸ் கிட்சன் பட்டறைதான் 1855இல் நம்மூர் கிழக்கிந்திய ரயில்வேயின் இஐஆர் 21 எஞ்சினையும் கட்டியது. அதை 2010இல் பெரம்பூரில் புதுப்பித்தார்கள். அதற்கு மட்டும் 1855 என்று சென்ற மாதம் குதித்தீர்களே, உங்களுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?

கரிப்புகை: இஐஆர் 21 மோதி அழிந்து, அதன் பெயரில் வேறொன்று கட்டப்படவில்லை. 1868இல் மோதல், 1869இல் புது எஞ்சின். இதை இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

டெண்டர்: இரண்டு பேருமே சலூனைத் தனியாக இழுக்கும் எஞ்சினுக்குத்தான் அடித்துக்கொள்கிறீர்கள். அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும் எஞ்சின் என்றால் டிரம்மண்டின் 'பக்'. அவர் லண்டன் தென்மேற்கு ரயில்வேயின் எஞ்சின் பிரிவுத் தலைவர்; ஆண்டு 1899. எஞ்சினும் சலூனும் ஒரே சட்டகத்தில், 4-2-4. டிரம்மண்டின் கோபம் ஊரறிந்தது. அது வருகிறதென்றாலே ஊழியர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

கரிப்புகை: 1940இல் உடைத்துப்போட்ட எஞ்சின் இங்கே எதற்கு? பேச்சு ஏரோலைட்டைப் பற்றி. ஆண்டு 1869.

டெண்டர்: சரி, உடைக்காத ஒன்று சொல்கிறேன். ரீடிங் ரயில்வேயின் 'பிளாக் டைமண்ட்', 1889, பால்ட்வின் கட்டியது. செயின்ட் லூயிஸில் நிற்கிறது.

சிவப்புக்கொடி: டெண்டர் சார், கரிப்புகை குரலை உயர்த்தினால் உடனே அமெரிக்காவுக்கு ஓடிவிடுவீர்களா?

டெண்டர்: ஓடுகிறேனா? தீபாவளிக்கு நான் போட்ட படத்தில் என் பெயரை வெட்டிவிட்டுப் பகிர்ந்தது யார் என்று சொல்லட்டுமா?

சிவப்புக்கொடி: அது தானாக வெட்டிக்கொண்டது.

டெண்டர்: ஆமாம், கத்தரிக்கோலுக்குக் கால் முளைத்தது.

கரிப்புகை: படப் பஞ்சாயத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் ஆண்டைத் திருத்துங்கள்.

சிவப்புக்கொடி: திருத்த மாட்டேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

கரிப்புகை: படிப்பேன். படித்துவிட்டு ஒவ்வொரு முறையும் கீழே 1869 என்று எழுதுவேன்.